சனிக்கிழமை இரண்டு மணி அக்கா

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

வானொலித் தலைவர். லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் இருந்து வந்தவர். கோட்டைக் கழற்றாமல் இருந்தார்.

செயலாளர். கையில் ஒரு கடதாசி. தட்டச்சு செய்தது.

நகைக்கடை முதலாளி. எங்களுக்கு விளம்பரம் தருபவர். அவரை ஏன் கூப்பிட்டார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாஸ்டர். காலையில் பக்திப் பாடல் போடுபவர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர்.

இறந்து போனவரின் மருமகன். பிளேஸ்டோவில் இருந்து வந்திருந்தார். தாடி எடுக்கவில்லை.

அக்கா.

நான். கதிரை ஆறுதான் இருந்தது. கதவோடு நின்றேன்.

எட்டு செக்கன் கேட்ட ஒரு சத்தத்துக்காகக் கூடின கூட்டம் அது. அந்த எட்டு செக்கனுக்குக் காரணம் நான். ஆனால் கேள்வி எல்லாம் அக்காவிடம்தான் கேட்டார்கள். அதைச் சொல்ல முதல் அக்கா எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல வேண்டும்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். வானொலியில் ஒரு பெயர் வைத்திருந்தார். வேலைச் சட்டையில் இன்னொரு பெயர் குத்தியிருக்கும். இரண்டையும் யாரும் சொல்வதில்லை. சனிக்கிழமை இரண்டு மணி அக்கா என்றால் லண்டனில் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். சனி இரண்டிலிருந்து மூன்று வரை அவருடைய மணித்தியாலம். அதில் சிலோன் பொப் பாட்டு மட்டும்தான் போகும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் எங்கள் பெடியள் கிற்றாரும் பொங்கோவும் வைத்துக்கொண்டு பாடியது பொப் பாட்டு. தாளம் பைலா மாதிரி, காலை ஆட வைக்கிற தாளமாக இருக்கும். வார்த்தை பகிடியாக, சிரிக்க வைக்கிற மாதிரி இருக்கும். கலியாண வீட்டில் பாடுவார்கள், கார்னிவேலில் பாடுவார்கள், சுற்றுலா போகிற பஸ்ஸில் பாடுவார்கள். எந்தப் படத்திலும் வராது. அதனால் எங்கள் வானொலியில் மற்ற நேரம் அதற்கு இடம் இல்லை. மற்ற நேரம் எல்லாம் இந்தியப் படப் பாட்டும் செய்தியும் விளம்பரமும்தான்.

வானொலி லண்டனின் தென்பக்கம், டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே கருவாடு மணக்கும். மேலே இரண்டு அறை. ஒன்று அலுவலகம். மற்றது கலையகம். நடுவில் கண்ணாடி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பாண் பேக்கரியில் வேலை. கடைக்குப் பாண் இறக்க வந்த இடத்தில், மேலே சனிக்கிழமைக்கு ஒரு ஆள் தேவை என்றார்கள். பட்டன் அமத்தத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அடுத்த சனி அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். ஆறு வருடம் இருந்தேன்.

லண்டனில் எல்லாரும் சொரி, மன்னிக்க வேணும் என்று சொல்லிக்கொண்டுதான் நடப்பார்கள். காலை மிதித்தவனும் சொல்வான், மிதிபட்டவனும் சொல்வான். நாங்களும் வந்து இறங்கின கிழமையே அதைப் பழகிவிட்டோம். அக்கா மட்டும் பழகவில்லை.

அவருக்கு ரயில் ஸ்டேஷனில் வேலை. ரிக்கெற் போடுகிற கேற்றடியில் நிற்பார். நல்ல உயரம். காலை அகட்டி நிற்பார். ஒருநாள் கோட் போட்ட ஒருவன் ஓடி வந்திருக்கிறான். கார்ட் வேலை செய்யவில்லை. ஆள் நிற்காமல் அக்காவில் மோதி, அவன் கையில் இருந்த கோப்பி அக்காவின் சட்டை முழுக்க ஊத்துப்பட்டது. அவன் நின்று பார்த்தானாம், அக்கா சொரி சொல்வார் என்று. அக்காவும் நின்று பார்த்தாராம். பிறகு அவன் முறைப்பாடு எழுதிப் போட்டான். மனேஜர் கூப்பிட்டு, ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும் என்றார். அக்கா எழுதிக் கொடுத்தார். மோதியது அவர், ஊத்தியது அவர், நான் நின்றேன் என்று எழுதினார். ஒரு மாதம் விடியற்காலை ஷிப்டில் போட்டார்கள். நாலு மணிக்கு எழும்பிப் போனார். அதைப் பற்றி ஒருநாளும் முறையிடவில்லை. மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு எங்களுக்கு இதைச் சொல்லும்போது சிரிக்கவும் இல்லை.

மன்னிப்பே கேட்காத ஆள் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை கலியாண வாழ்த்து வாசிக்கும்போது பெண்ணின் தகப்பனைப் பருத்தித்துறை என்று வாசித்துவிட்டார். அவர் வல்வெட்டித்துறை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். அதனால்தான் மாற்றிச் சொல்லக்கூடாது. அந்த மனிதர் போனில் எடுத்துப் பகிடியாகத்தான் சொன்னார். அக்கா அவருடைய விலாசத்தை வாங்கிக்கொண்டார். அடுத்தநாள் மூன்று ரயில் மாறி அவர் வீட்டு வாசலில் போய் நின்று, நான் பிழை விட்டிட்டன், மன்னிச்சுக் கொள்ளுங்கோ என்றாராம். அந்த ஆள் பயந்துபோனார். இதுக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தனீங்கள், போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டிருக்கிறார். போனிலை சொன்னால் அது லேசாய்ப் போயிடும் என்றாராம் அக்கா.

பிழை விட்டால் நடந்து போய் மன்னிப்புக் கேட்பார். பிழை இல்லாவிட்டால் கழுத்தைப் பிடித்தாலும் கேட்க மாட்டார். அக்காவின் குணம் இவ்வளவுதான்.

அவருடைய மணித்தியாலத்தில் படப் பாட்டுக் கேட்டுப் போன் வரும். இல்ஃபோர்டில் இருந்து ஒரு அண்ணை ஒவ்வொரு கிழமையும் எடுப்பார். ஒரேயொரு பாட்டு, ஒரேயொருக்கா என்று கெஞ்சுவார். அக்கா மரியாதையாகச் சொல்வார், நாளில் இருபத்து மூன்று மணித்தியாலம் அதுக்குத்தான் இருக்கு, நாலு மணிக்கு அடியுங்கோ அண்ணை என்று. அவர் அடுத்த கிழமையும் இரண்டேகாலுக்கு எடுப்பார். மூன்றாம் வருடம் அவரே ஒரு பொப் பாட்டுக் கேட்டார். அக்கா அதைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். 

பாட்டுகள் கடையில் கிடையாது. நேயர்கள் அலுமாரியில் கிடந்த கசெற்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கலியாண வீடியோவில் இருந்து எடுத்ததும் இருந்தது. பாட்டுக்கு நடுவில் குழந்தை அழும், யாரோ ஒருவர் சோடா கேட்பார். கொம்பியூட்டரில் அந்தச் சத்தத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். ஆக்கள் இருந்தவை எண்டு தெரியட்டும் என்றார்.

மாஸ்டருக்கு இதெல்லாம் கண்ணில் காட்டக் கூடாது. அது பாட்டு இல்லை, வெறிகாரர் போத்தலில் தட்டுகிற சத்தம் என்பார். ஒருநாள் படியில் வைத்து அக்காவிடமே சொன்னார். அக்கா இரண்டு படி மேலே நின்றவர், திரும்பினார்.

"மாஸ்டர், இந்தியாவிலை இருந்து வந்தால் எல்லாம் பாட்டு. எங்கடை பெடியள் பாடினால் மட்டும் பகிடியோ?"

மாஸ்டர் கைபிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஸ்டேஷனில் அக்காவோடு வேலை செய்த ஒருத்தி டெக்சாஸில் பிறந்தவள். மெக்சிகோ வம்சம். வெள்ளைக்காரனைக் கட்டி லண்டனுக்கு வந்தவள். இடைவேளையில் இரண்டு பேரும் ஒரு இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பார்களாம். அவர்களின் பாட்டுக்கு டெஹானோ என்று பெயர். அக்கோடியன் வைத்து வாசிப்பது. அவர்கள் ஊரிலும் இதே கதைதான் என்று அக்கா எங்களுக்குச் சொன்னார். இங்கிலீஷ் வானொலி அது ஸ்பானிஷ் பாட்டு என்று போடாது. ஸ்பானிஷ் வானொலி அது மெக்சிகோவில் இருந்து வந்த பாட்டு இல்லை என்று போடாது. அந்தந்த ஊர்ச் சின்ன வானொலியில் ஒரு நேரம் பிடித்து, அந்த நேரத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். அதை இழந்தால் வேறு இடம் இல்லை. அவளின் பெரியம்மா ஒருத்தி அப்படி ஒரு மணித்தியாலத்தை இருபது வருடம் காத்தவளாம். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. சொந்தக்காரரைக் கண்ட மாதிரி.

அடுத்த சனி அந்தப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். அறிமுகம் ஒன்றும் செய்யாமல் போடச் சொன்னார். போட்டேன். பாட்டு முடிய முதல் போன் விளக்கு மினுங்கியது. வயதான ஒரு ஐயா. நல்ல பாட்டுப் பிள்ளை, உது சிலாபத்துப் பெடியள்தானே, அக்கோடியன் கையைக் கேட்டாலே தெரியுது என்றார். அக்கா இல்லை ஐயா, இது டெக்சாஸ் என்றார். அவர் நம்பவில்லை. நான் அந்தப் பெடியளை நேரிலை கண்டனான் என்று சொல்லிப் போனை வைத்தார்.

இனி அந்த எட்டு செக்கன்.

எங்கள் வானொலியில் மரண அறிவித்தல்தான் முக்கியம். பாட்டுக் கேட்காத வீட்டிலும் அதற்காக வானொலியைப் போட்டு விடுவார்கள். ஊரில் யார், இங்கே யார், எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எல்லாம் அதில்தான் தெரியும். சனிக்கிழமை இரண்டரைக்கு அக்கா வாசிப்பார். அக்காவே வாசிக்க வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கிற குடும்பங்கள் இருந்தன. அவர் பெயர்களை விழுங்க மாட்டார். வாசிக்கும்போது பின்னால் வீணை மெல்லப் போக வேண்டும். அது வழமை. வேறு எதுவும் போகக்கூடாது.

மிக்சரில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கட்டை இருக்கும். மேலே தள்ளினால் கேட்கும். கீழே இழுத்தால் கேட்காது. வீணை நாலாவது கட்டை. அடுத்த பாட்டு ஐந்தாவது கட்டை.

அன்றைக்கு அக்கா இறந்தவரின் பெயரைச் சொல்லி, காலமானார் என்று சொன்ன இடத்தில் நான் நாலாவதுக்குப் பதிலாக ஐந்தாவதைத் தள்ளினேன். பொங்கோ அடித்தது. யாரோ ஒருவன் ஓய் என்று கூவினான். எனக்குக் கை அசையவில்லை. அக்காதான் எட்டி இழுத்துவிட்டார். எட்டு செக்கன். பிறகு வீணையும் இல்லாமல் மிச்சத்தை வாசித்தார். மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், மருமக்கள் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர். குரல் ஆடவில்லை. முடித்துவிட்டு, இந்த அறிவித்தலின் நடுவில் எங்கள் கையால் ஒரு பிழை நடந்தது, குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று அந்த இடத்திலேயே சொன்னார்.

நான்தான் செய்தேன் என்று எல்லாருக்கும் சொல்லப் போகிறேன் என்றேன்.

"நீர் வாயைத் திறக்க வேண்டாம்," என்றார். "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வாரும்."

ஞாயிறு பிளேஸ்டோ போனோம். செத்த வீடு. வாசலில் சப்பாத்து நிறையக் கிடந்தது. மருமகன் கதவைத் திறந்தார். யார் என்று தெரிந்ததும் கத்தினார். மாமாவின் பெயர் சொல்லும் நேரம் கூத்துப் போட்டீர்கள், ஊரெல்லாம் போன் எடுத்துச் சிரிக்கிறார்கள் என்றார். அக்கா அவர் ஓயுமட்டும் நின்றார். பிறகு, பிழை விட்டிட்டம், மன்னிப்புக் கேட்க வந்தனாங்கள் என்றார். நானும் சொன்னேன். உள்ளே இருந்து இறந்தவரின் மனைவி வரச் சொன்னார். நாங்கள் போய் நிலத்தில் இருந்தோம். அந்த அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, அவரின்ரை பேரையும் ஊரையும் வடிவாய்ச் சொன்னியள் என்றார். தேத்தண்ணி தந்தார்கள். குடித்துவிட்டு வந்தோம்.

திரும்பி வரும்போது ரயிலில் ஆட்கள் இல்லை. அக்கா தானாகவே சொன்னார்.

பத்தொன்பது வயதில் மன்னாரில் ஒரு கோஷ்டியோடு கார்னிவேலில் பாடினாராம். இரண்டே இரண்டு நாள். பெண் பிள்ளை மேடையில் ஏறிப் பைலா பாடுவதா என்று மாமா வந்து பிடித்துக்கொண்டு போனார். மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய், பங்குச் சுவாமிக்கு முன்னால் நிற்கவைத்து, பாடினது பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வைத்தார்.

"கேட்டனீங்களோ?" என்றேன்.

"ஓம். கேட்டன். அதுக்குப் பிறகு பாடேல்லை. அண்டைக்குக் கேட்டதுதான் நான் விட்ட பிழை."

 

புதன்கிழமை கூட்டம். முதலில் சொன்ன ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள்.

செயலாளர் கடதாசியை வாசித்தார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு அக்கா தன் குரலில் அதை வாசிக்க வேண்டும் என்றார்கள். அதில் இரண்டு வசனம் இருந்தது. மரண அறிவித்தலின் நடுவில் பாடல் ஒலித்தமைக்கு வருந்துகிறோம் என்பது ஒன்று. இத்தகைய தகாத பாடல்களை இதுவரை ஒலிபரப்பி வந்தமைக்கும் வருந்துகிறோம், இனி அவை ஒலிக்காது என்பது மற்றது. இரண்டாவது வசனம் வந்தபோது நகைக்கடை முதலாளி மேசையைப் பார்த்தார். அப்போதுதான் அவர் ஏன் வந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. அந்த மணித்தியாலத்தில் அவர் கடையின் பெயரில் படப் பாட்டு நிகழ்ச்சி ஒன்று வைக்கக் கேட்டுக்கொண்டு இருந்தவர்.

அக்கா பேனை கேட்டார். இரண்டாவது வசனத்தை வெட்டினார். கடதாசியைத் திருப்பித் தள்ளினார்.

"இதை வாசிக்கிறன்," என்றார்.

தலைவர் தலையை ஆட்டினார். "முழுக்க வாசிக்க வேணும், தங்கச்சி. குடும்பத்தின்ரை மனம் நொந்துபோச்சு."

எல்லாரும் மருமகனைப் பார்த்தார்கள். அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"எங்களிட்டை வீட்டை வந்து மன்னிப்புக் கேட்டவை. எங்களுக்கு அது காணும். பாட்டைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்லை. அதுக்குள்ளை எங்கடை மாமாவை இழுக்காதேங்கோ."

 மாஸ்டர் இருமினார். மருமகன் எழும்பி, எனக்குத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகும் கடதாசி மாறவில்லை. தலைவர் அதே மாதிரி இன்னொரு பிரதியை எடுத்து அக்காவுக்கு முன்னால் வைத்தார். முழுக்க வாசித்தால் செய்தி வாசிப்பில் ஒரு இடம் தருவோம் என்றார். வாசிக்காவிட்டால் இடமே இல்லை என்றார்.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"பிழை விட்டது கை. பாட்டு ஒரு பிழையும் விடேல்லை."

"அப்ப வாசிக்க மாட்டீங்களோ?"

"சனிக்கிழமை வாறன்," என்றார்.

அதை அவர்கள் ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுக்கவில்லை.

சனி ஒன்றேமுக்காலுக்கு வந்தார். கையில் துணிப் பை, அது நிறைய கசெற்றில் இருந்து பதிந்த சீடி. தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தார். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. இரண்டு மணி ஆனது. நான் ஒலிவாங்கிக் கட்டையைத் தள்ளினேன். அக்கா வணக்கம் சொல்லிவிட்டு அந்தக் கடதாசியை எடுத்தார்.

"என்னட்டை ஒரு கடதாசி தந்திருக்கினம். அதிலை பாதி சரி. சரியான பாதியை நான் போன சனியே உங்களுக்குச் சொல்லிப்போட்டன், அந்த வீட்டுக்கும் போய்ச் சொல்லிப்போட்டன். மற்றப் பாதி, இந்தப் பாட்டுகள் தகாத பாட்டுகள் எண்டு சொல்லுது. அதை நான் வாசிக்க மாட்டன். இது இந்த நிகழ்ச்சியின்ரை கடைசி மணித்தியாலம். மரண அறிவித்தல் இண்டைக்கு மூண்டு மணிச் செய்தியிலை வரும். இப்ப பாட்டு."

கையைக் காட்டினார். போட்டேன்.

முதல் பாட்டு முடிய முன்னமே போன் விளக்கு மினுங்கியது. தலைவர். வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் கோயில் வாசலில் நிற்கிறார். காரில் கேட்டிருக்கிறார். உடனே நிப்பாட்டு என்றார். படப் பாட்டு ஏதாவது போடு என்றார். ஆறு வருடத்தில் அவர் சொன்ன எதையும் நான் செய்யாமல் விட்டதில்லை.

"இது அக்காவின்ரை மணித்தியாலம், ஐயா," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவர் வெளிக்கிட்டிருப்பார், வரப்போகிறார் என்று அக்காவுக்குச் சொன்னேன். எங்கே நிற்கிறார் என்று கேட்டார். சொன்னேன். மணிக்கூட்டைப் பார்த்தார். சனிக்கிழமைப் பின்னேரம், ஆற்றைக் கடந்து வர வேணும், வரட்டும் என்றார். அடுத்த சீடியைத் தந்தார்.

நாலாவது பாட்டு முடிந்ததும் அக்கா வாயைத் திறக்க முதல் நான் ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்தேன். அதுவரை நான் வானொலியில் பேசினதில்லை.

"அண்டைக்குக் கட்டையை மாறித் தள்ளினது நான். அக்கா இல்லை," என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமா இல்லையா என்று சொல்ல முடியாத பார்வை. "அடுத்ததைப் போடும்," என்றார்.

இரண்டு ஐம்பதுக்குக் கிட்ட படியில் காலடி கேட்டது. தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். அக்கா எனக்குக் கையால் காட்டினார், ஒலிவாங்கிக் கட்டையை இறக்காதே என்று.

கலையகக் கதவுக்கு மேலே வெளிப்பக்கம் ஒரு சிவப்பு பல்ப் இருக்கும். ஒலிவாங்கி திறந்திருந்தால் எரியும். எரிந்தால் யாரும் உள்ளே வரக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டது தலைவர்தான். கொழும்பில் வானொலியில் இருந்தவர். ஒருமுறை அது எரியும்போது கதவைத் திறந்த தன் மகனுக்கே எல்லாருக்கும் முன்னால் ஏசினவர்.

கதவுப் பிடியில் கை வைத்தார். மேலே பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

பாட்டுப் போகும்போது ஒலிவாங்கியைத் திறந்து வைத்தால் அறையில் நடக்கிற எல்லாம் லண்டன் முழுக்கக் கேட்கும். அதனால் நாங்கள் பேச முடியாது. மூச்சும் பார்த்து விட வேண்டும். அக்கா முதலில் விரலால் மேசையில் தட்டினார். தாளத்துக்குத்தான் தட்டினார். பிறகு அடுத்த பாட்டு வந்தது. அதில் இரண்டாவது அடியில் அக்கா பாடத் தொடங்கினார்.

சத்தமாகப் பாடவில்லை. பேசுகிற அளவுக்குத்தான். அறுபது வயதுக் குரல். மேலே போகிற இடத்தில் உடைந்தது. நிறுத்தவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற மனிதரைப் பார்த்துக்கொண்டே பாடினார். அவர் பார்வையைத் திருப்பவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை. போன் விளக்கு விடாமல் மினுங்கிக்கொண்டு இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் என் குரலும் போகும்.

அடுத்த பாட்டையும் பாடினார். அதற்கடுத்ததையும் பாடினார்.

மூன்று மணிக்கு வணக்கம் சொன்னார். நான் ஒலிவாங்கியை இறக்கினேன். பல்ப் அணைந்தது. அக்கா சீடிகளைப் பையில் அடுக்கினார். ஒன்றும் விடவில்லை. கதவைத் திறந்து தலைவருக்கு வழி விட்டார். சொரி சொல்லவில்லை.  அக்கா படி இறங்கும் சத்தம் கேட்டது. ஒரே வேகத்தில் இறங்கினார்.

அதுக்குப் பிறகு அவர் அங்கே வரவில்லை. என்னையும் வரவேண்டாம் என்றார்கள். அந்த நேரத்தில் இப்போது நகைக்கடையின் படப் பாட்டு நிகழ்ச்சி போகிறது. ஸ்டேஷனில் கேட்டுப் பார்த்தேன், வேறு லைனுக்கு மாறிப் போய்விட்டார் என்றார்கள். சில சனிகளில் பேக்கரியில் அவருடைய பாட்டுகளை நானே போனில் போட்டுக் கேட்பேன். கூட வேலை செய்கிற போலந்துக்காரன் ஒருவன் தலையாட்டுவான்.

அந்தக் கடைசிச் சனி மூன்று மணிச் செய்தி வாசிக்கிறவர் இன்னும் வந்து சேரவில்லை, தலைவர் கதிரையில் இருந்து அவரைத் தேடிப் போன் எடுத்துக்கொண்டு இருந்தார். நான் போக முதல் ஒரு வேலை இருந்தது. போன பாட்டு எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பாடியவர் யார், எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். படிவத்தில் பன்னிரண்டு கோடுதான், மற்றச் சனிகளில் அதுவே போதும். மறுபக்கம் திருப்பியும் எழுதினேன். கடைசி மூன்று பாட்டுக்கும் பாடியவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதினேன். மொத்தம் என்ற கட்டம் கீழே இருந்தது. எண்ணிப் போட்டேன்.

பதினேழு.